வெல்லக் கரைசலும் மண் வளமும்

பயிருக்கு வெல்லம் கொடுத்தால் அது செழித்து வளரும் என்னும் எண்ணம் இன்று கிராமங்களிலும் நகரங்களிலும் பரவியிருக்கிறது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல், மீன் அமிலம் ஆகிய யாவற்றிலும் வெல்லம் ஓர் உறுப்பாக இருப்பதே இதற்குக் காரணம் எனலாம். வெல்லம் சேர்ந்த கரைசல் பயன் தருவதைக் கண்டவர், வெல்லத்தைக் கூட்டினால் பயனும் கூடும் என்று எண்ணுகிறார். நகரத்து இல்லங்களில் மீந்துபோன சர்க்கரைப் பாகையும் பழச்சாற்றையும் குளிர்பானத்தையும்கூடத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுவோர் உண்டு.

இவ்வெண்ணத்தில் பாதி உண்மையும் பாதி பிழையும் கலந்திருக்கின்றன. பிழையான பாதியினால் கைப்பொருள் நஷ்டமாவதுடன் விளைச்சலும் குன்றும். வெல்லம் மண்ணில் என்ன வேலை செய்கிறது, அதனை எந்த அளவில் எவற்றோடு சேர்த்து இட வேண்டும் என்பதை அறிந்துகொள்வது இப்பாடத்தின் நோக்கமாகும்.

கோட்டூர்புரம் காட்டும் இரு நிலங்கள்

சென்னை மாநகரின் தென்பகுதியில், அடையாற்றின் கரையில் அமைந்துள்ளது கோட்டூர்புரம். கோட்டூர் என்னும் பழைய கிராமத்தின் பெயரைத் தாங்கிய இப்பகுதி இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த நகர்ப்பகுதியாகும். கிராம வளர்ச்சி பற்றிய ஏட்டில் நகர்ப்பகுதிக்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். நமது பாடத்திற்கு வேண்டிய இருவகை நிலங்களும் அங்கே அருகருகே காணக் கிடைக்கின்றன என்பதே விடை.

ஒன்று, மரங்கள் அடர்ந்த நிலம். குப்பை கொட்டப்பட்டு வந்த இடத்தில் 2006ஆம் ஆண்டு முதல் ‘நிழல்’ என்னும் அமைப்பு பொதுமக்களின் உழைப்பைக் கொண்டு நம் நாட்டு மரங்களை வளர்த்து ஒரு மரப் பூங்காவை உருவாக்கியது. பின்னர் 2020ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஜப்பானியத் தாவர அறிஞர் அகிரா மியாவாகியின் முறைப்படி, மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டு வளர்க்கும் குறுங்காடு ஒன்றையும் கோட்டூர்புரத்தில் ஏற்படுத்தியது. இத்தகைய நிலத்தில் இலைகள் உதிர்ந்து மூடாக்காகின்றன. மூடாக்கு மக்கி மண்ணாகிறது. அம்மண்ணில் வேர்கள் பரவுகின்றன.

மற்றொன்று, மாடியில் வைக்கப்படும் தொட்டி. அதில் ஒரு கூடை மண்ணே உண்டு. அதில் இலை உதிர்ந்து மக்குவதில்லை. மண்புழு தானே வந்து சேர்வதும் அரிது. நாம் இடுவது எதுவோ அதுவே அதற்கு வரவு. நன்மையாயினும் தீமையாயினும் தொட்டியில் விரைவாகத் தெரிந்துவிடும். ஏக்கர்க் கணக்கான வயலில் ஓர் ஆண்டு கழித்து வெளிப்படும் பிழையைத் தொட்டி சில வாரங்களிலேயே காட்டிவிடுகிறது. ஆதலால் தொட்டியை வயலின் சிறிய சோதனைச் சாலை எனக் கொள்ளலாம்.

செடி தன் சர்க்கரையைத் தானே ஆக்கிக்கொள்கிறது

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். செடிக்கு நாம் சர்க்கரை ஊட்ட வேண்டியதில்லை. பச்சை இலை, காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் கொணரும் நீரையும் சூரிய ஒளியின் துணையால் இணைத்துச் சர்க்கரையை ஆக்குகிறது. கரும்பில் நாம் பிழிந்தெடுக்கும் சாறும், பனையில் இறக்கும் பதநீரும், வாழைப்பழத்தின் இனிப்பும் இவ்வாறு இலையிலே பிறந்தவையே. வேர் மண்ணிலிருந்து எடுப்பது நீரும், அதில் கரைந்த தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலிய உப்புகளுமாகும். நாம் ஊற்றும் வெல்லத்தை வேர் நேராக உறிஞ்சிப் பயிரை வளர்ப்பதாக எண்ணுவது தவறு.

அடர்த்தியான சர்க்கரை நீர் செடிக்குக் கேடும் விளைக்கும். மாங்காயில் உப்பைத் தடவினால் அதிலுள்ள நீர் வெளியே கசிவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதுபோலவே வேரைச் சுற்றி உப்போ சர்க்கரையோ மிகுந்தால் வேர் நீரை எடுக்க இயலாமற் போகும். ஈரம் இருந்தும் செடி வாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வெல்லத்தை உண்பவை எவை?

மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் பூசணங்களுமே வெல்லத்தை உண்கின்றன. இவற்றைப் பொதுவாக நுண்ணுயிர்கள் என்கிறோம். இவை இலைச் சருகையும் சாணத்தையும் சிதைத்து, அவற்றில் அடங்கிய சத்துகளை வேர் உண்ணும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. சருகைச் சிதைக்க நாட்கள் பல ஆகும். வெல்லமோ உடனே கரைந்து உடனே உணவாவது. ஆகவே வெல்லம் கிடைத்தவுடன் அவை வெகுவேகமாகப் பெருகுகின்றன.

இந்த உபாயத்தைத் தாவரங்கள் நமக்கு முன்பே கையாண்டு வருகின்றன. இலையில் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை வேரின் வழியே மண்ணில் கசியவிட்டு, வேரைச் சுற்றி நுண்ணுயிர்களைக் குடியேற்றிக் கொள்கின்றன. அவற்றுட் சில மணிச்சத்தைக் கரைத்துத் தருகின்றன. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் வாழ்பவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன. மரங்கள் அடர்ந்த நிலத்திற்கு வெல்லம் இடுவார் எவருமில்லை. உயிருள்ள வேர்களும் உதிர்ந்த இலைகளும் அங்கே அவ்வேலையை ஆண்டு முழுதும் செய்கின்றன. நிலத்தை வெறுமையாக விடாமல் பயிரோ மூடாக்கோ எப்போதும் வைத்திருப்பவர், செலவின்றி நுண்ணுயிர்களுக்கு உணவிடுகிறார் என்று சொல்லலாம்.

தழைச்சத்துக் கணக்கு

நமது பாடத்தின் மையம் இப்பகுதியாகும். சர்க்கரையில் எடைக்கு எடை நூற்றுக்கு 42 பங்கு கரிச்சத்து உண்டு. தழைச்சத்து சிறிதும் இல்லை. நுண்ணுயிர் தன் உடலைக் கட்டிக்கொள்ள ஏறக்குறைய 8 பங்கு கரிச்சத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும்.

ஒரு கிலோ சர்க்கரையை மண்ணில் இடுவதாகக் கொள்வோம். அதில் 420 கிராம் கரிச்சத்து இருக்கிறது. இதில் மூன்றில் இரு பங்கு மூச்சுக் காற்றாக வெளியேற, ஒரு பங்காகிய 140 கிராம் நுண்ணுயிர்களின் உடலில் சேர்வதாகக் கணக்கிடலாம். அதற்கு 17 கிராமுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்து தேவை. இது ஏறத்தாழ 38 கிராம் யூரியாவில் உள்ள அளவாகும். சர்க்கரையில் இல்லாத இச்சத்தை நுண்ணுயிர்கள் எங்கிருந்து பெறும்? மண்ணில் கரைந்து பயிருக்காகக் காத்திருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். பயிரின் உணவைப் பயிருக்கு முன்னே அவை உண்டுவிடுவதால் இலைகள் வெளிறி வளர்ச்சி தடைப்படும். அவை மடிந்து சிதைந்த பின்னர் அச்சத்தின் பெரும்பகுதி மண்ணுக்குத் திரும்பும் என்பது உண்மையே. எனினும் குறுகிய காலப் பயிருக்கு அத்தாமதமே நஷ்டமாகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இயற்கைப் புல்வெளிகளை மீட்க முயன்ற ஆராய்ச்சியாளர்கள், நிலத்தில் வேண்டுமென்றே சர்க்கரையைத் தூவிப் பார்த்திருக்கிறார்கள். மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டால், அச்சத்தை மிகுதியாக நாடும் களைகள் தளர்ந்துபோகும் என்பது அவர்கள் கருத்து. களையை ஒடுக்கும் பொருட்டுத் தூவப்பட்ட பொருளை நாம் பயிரை வளர்க்கும் பொருட்டுத் தனியே ஊற்றினால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

முறையான கரைசல்களில் வெல்லத்தின் இடம்

அப்படியாயின் பஞ்சகவ்யத்திலும் ஜீவாமிர்தத்திலும் வெல்லம் ஏன் சேர்க்கப்படுகிறது? அவற்றின் சேர்மானத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஜீவாமிர்தம்: மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்தவரும் 2016ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது. 200 லிட்டர் நீரில் நாட்டுப் பசுவின் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, இரசாயனம் படாத மண் ஒரு கைப்பிடி ஆகியவற்றைக் கலந்து நிழலில் 48 மணி நேரம் வைத்து, நாள்தோறும் கலக்கி, ஓர் ஏக்கருக்குப் பாசன நீரோடு விட வேண்டும்.

இதில் சாணமும் மண்ணும் நுண்ணுயிர் விதைகள். வெல்லம் அவற்றுக்கு உடனடி உணவு. கோமியமும் பயறு மாவும் தழைச்சத்து தருபவை. 2 கிலோ பயறு மாவில் மட்டும் ஏறக்குறைய 70 கிராம் தழைச்சத்து உண்டு. 2 கிலோ வெல்லம் வேண்டுவதோ 35 கிராமுக்கு மேற்படாது. வெல்லம் ஏற்படுத்தும் தேவையை வேறு பொருள்கள் நிறைவு செய்துவிடுவதால் பயிரின் பங்கில் குறைவு நேர்வதில்லை. “பயறு மாவு விலை அதிகம், வெல்லத்தை மட்டும் சற்றுக் கூட்டுவோம்” என்று எண்ணுவோர் இக்கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும்.

பஞ்சகவ்யம்: கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராஜன் இதனைத் தமிழகத்து விவசாயிகளிடையே பரப்பினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எடுத்துரைக்கும் சேர்மானத்தின்படி, பசுஞ்சாணம் 7 கிலோவை நெய் 1 கிலோவுடன் பிசைந்து 3 நாள் வைத்து, பின் கோமியம் 10 லிட்டரும் நீர் 10 லிட்டரும் சேர்த்து, காலையும் மாலையும் கலக்கி 15 நாள் வைக்க வேண்டும். அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, கனிந்த பூவன் பழம் 12 ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். 30 நாட்களில் கரைசல் ஆயத்தமாகும். 100 லிட்டர் நீரில் 3 லிட்டர் கலந்து தெளிப்பது வழக்கம்.

அமிர்தக் கரைசல்: இயற்கை வேளாண்மைக்காகத் தமிழகமெங்கும் பயணம் செய்து 2013ஆம் ஆண்டில் மறைந்த கோ. நம்மாழ்வாரால் பலரும் அறிந்துகொண்ட எளிய கரைசல் இது. சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் ஒரு கைப்பிடி, நீர் 10 லிட்டர் ஆகியவற்றைக் கலந்து 24 மணி நேரம் வைத்தாற் போதும். ஒரு லிட்டர் கரைசலுக்கு 10 லிட்டர் நீர் சேர்த்துப் பயன்படுத்தலாம். தொட்டித் தோட்டத்திற்கு இதுவே பொருத்தமானது.

மீன் அமிலம்: மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் எடுத்து, மூடிய பாத்திரத்தில் ஒரு மாத காலம் புளிக்கவிடுவர். இங்கு வெல்லம் அழுகலைத் தடுத்து, மீனிலுள்ள சத்தைச் சாறாக இறக்கும் வேலையைச் செய்கிறது. தழைச்சத்து மீனிலிருந்து வருகிறது.

மேலும் ஒரு பயன் உண்டு. ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களை விதையில் ஒட்டுவதற்கு ஆறிய அரிசிக் கஞ்சியையோ வெல்லக் கரைசலையோ சேர்ப்பர். இது நுண்ணுயிரை விதையோடு பிணைத்து, தொடக்கத்தில் சிறிது உணவாகவும் உதவுகிறது. குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் முறை இது.

கரைசல் உரமாகுமா?

ஓர் ஏக்கருக்கு ஒரு முறை விடும் ஜீவாமிர்தத்தில், சாணம், கோமியம், பயறு மாவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் தழைச்சத்து யாவும் சேர்ந்து சுமார் 150 முதல் 200 கிராம் வரை இருக்கலாம். ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் 30 முதல் 40 கிலோ வெளியேறும். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையாகப் பல தடவை கரைசலை விட்டாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

ஆகவே கரைசலை உரத்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. அது மண்ணிலுள்ள வேலையாட்களை எழுப்பிவிடும் முரசு போன்றது. வேலையாட்கள் எழுந்தபின் அவர்கள் வேலை செய்வதற்குத் தொழு உரம், பசுந்தழை உரம், மூடாக்கு ஆகிய பொருள்கள் நிலத்தில் இருக்க வேண்டும். பாலேக்கரின் முறையிலும் ஜீவாமிர்தத்தோடு மூடாக்கு ஒரு தூணாக வைக்கப்பட்டிருப்பதை நோக்குக. வெற்று நிலத்தில் வெல்லத்தை மட்டும் விட்டால், பெருகிய நுண்ணுயிர்கள் மண்ணில் எஞ்சியிருக்கும் பழைய மக்கையும் கரைக்கத் தொடங்கலாம். அது வட்டியைச் செலவிடுவதற்குப் பதிலாக முதலையே செலவிடுவதற்கு ஒப்பாகும்.

வீட்டிலுள்ள இனிப்புப் பண்டங்கள்

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி ஆகியவை கரைசலுக்கு ஏற்றவை. இவற்றில் இனிப்போடு சாம்பல் சத்து முதலிய உப்புகளும் சிறிதளவு உண்டு. நிறத்திற்காக இரசாயனம் சேர்த்து வெளுத்த வெல்லத்தை விடக் கருத்த வெல்லமே நலம். வெள்ளைச் சர்க்கரை நுண்ணுயிர்களுக்கு உணவாகுமாயினும் உப்புகள் அற்றது. அதிகம் கனிந்த பழங்களைக் கரைசலில் பிசைந்து சேர்க்கலாம். தோலை மக்கு உரக் குழியில் இடலாம்.

குளிர்பானத்தைச் செடிக்கு ஊற்றுதல் கூடாது. அதில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரையும், கருநிறப் பானங்களில் கடும் புளிப்பும் உண்டு. 250 மில்லிலிட்டர் ஊற்றினால் 25 கிராம் சர்க்கரை ஒரு சிறு தொட்டியில் சேர்கிறது. அதனைச் சீரணிக்க நுண்ணுயிர்கள் வேண்டும் தழைச்சத்து, அந்நேரத்தில் அத்தொட்டியில் வேருக்குக் கிடைக்கக்கூடிய அளவையும் விஞ்சக்கூடும். மீந்த தேநீர், பாயசம், பாகு போன்றவற்றையும் நேரே தொட்டியில் ஊற்றாமல் மக்கு உரக் குழியில் சருகோடு கலப்பதே முறை.

கவனிக்க வேண்டியவை

1. கரைசலை வெயிலில் வைத்தல் ஆகாது. வாயை மெல்லிய துணியால் கட்ட வேண்டும். ஈயும் கொசுவும் புகலாகாது. புளிக்கும்போது வாயு உண்டாவதால் காற்றுப் புகாத மூடியை இறுக்கி வைத்தால் பாத்திரம் வெடிக்கலாம்.

2. நகரங்களிலும் பேரூர்களிலும் குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அந்நீரை ஓர் இரவு திறந்து வைத்த பின்னரே கரைசலுக்கு எடுக்க வேண்டும்.

3. வெல்லத்தை மண்ணின் மேல் கட்டியாக வைத்தால் எறும்பு வரும். எறும்பு வந்தால் மாவுப்பூச்சியும் அசுவினியும் அதன் காவலில் பெருகும்.

4. சாணக் கரைசலில் நோய்க் கிருமிகளும் இருக்கக்கூடும். கீரை, கொத்தமல்லி போன்ற இலைப் பயிர்களுக்கு அறுவடை நெருங்கும் காலத்தில் இலைமேல் தெளிக்கலாகாது. மண்ணில் விடுவதே தக்கது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம்.

5. வேர் அழுகிய செடிக்கும், நீர் தேங்கிய தொட்டிக்கும் இனிப்புக் கரைசல் இடலாகாது. நுண்ணுயிர்கள் பெருகும்போது மண்ணிலுள்ள பிராணவாயுவை உண்பதால் வேர் மேலும் மூச்சுத் திணறும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

கிராமப் பஞ்சாயத்துகளில் தூய்மைக் காவலர்கள் வீடுதோறும் சேகரிக்கும் மக்கும் குப்பையே மண் வளத்தின் மூலதனமாகும். வெல்லத்தைச் செலவிடுவதற்கு வயலைவிட மக்கு உரக் கொட்டகை ஏற்ற இடம். ஏனெனில் அங்கே நுண்ணுயிர்கள் சிதைப்பதற்குரிய பொருள் குவிந்திருக்கிறது. அவை தழைச்சத்தைப் பிடித்து வைத்தாலும் பட்டினி கிடக்கப் பயிர் ஏதுமில்லை. பிடித்து வைத்த சத்து உரத்தோடு வயலுக்கு வந்து சேரும்.

காசியாபாத் நகரிலுள்ள தேசிய இயற்கை வேளாண்மை மையம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கழிவு சிதைப்பான் இதற்கு உதவும். 200 லிட்டர் நீரில் 2 கிலோ வெல்லத்தைக் கரைத்து, ஒரு சிறு புட்டியிலுள்ள நுண்ணுயிர்க் கலவையைச் சேர்த்து, நாளுக்கு இருமுறை குச்சியால் கலக்கினால் ஏறக்குறைய 5 நாட்களில் கரைசல் ஆயத்தமாகும். இக்கரைசலில் ஒரு பங்கைக் கொண்டே மீண்டும் வெல்லமிட்டுப் பெருக்கிக்கொள்ளலாம். குப்பையை அடுக்கடுக்காகப் பரப்பிக் கரைசலைத் தெளித்து, ஈரம் குன்றாமல் காத்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.

கரும்பு விளையும் பஞ்சாயத்துகளில் தோகையைக் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்துவது மற்றொரு கடமை. கரும்பின் சாற்றைக் காய்ச்சிய வெல்லத்தை விலை கொடுத்து வாங்கி மண்ணுக்கு இடுகிறோம். அதே கரும்பின் தோகையை வயலிலே எரித்துவிடுகிறோம். இம்முரண்பாட்டைக் கிராம சபையில் எடுத்துரைப்பது நலம்.

ஒரு சோதனை

எவர் கூறியதையும் கண்டு தெளிந்தபின் ஏற்பதே விவசாயிக்கு அழகு. பஞ்சாயத்து அலுவலக முற்றத்திலோ பள்ளித் தோட்டத்திலோ பின்வரும் சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள 15 தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பித் தண்டுக்கீரை விதைக்க வேண்டும். பயறு வகையை விதைக்கலாகாது. அது தன் தழைச்சத்தைத் தானே ஈட்டிக்கொள்வதால் வேறுபாடு மறைந்துவிடும். மும்மூன்று தொட்டிகளாகப் பிரித்துக்கொண்டு,

முதல் வகைக்கு வெறும் நீர்;

இரண்டாம் வகைக்கு லிட்டருக்கு 10 கிராம் வெல்லம் கரைத்த நீர்;

மூன்றாம் வகைக்கு வெல்லமில்லாத சாணக் கோமியக் கரைசல்;

நான்காம் வகைக்கு வெல்லம் சேர்த்த அமிர்தக் கரைசல்;

ஐந்தாம் வகைக்கு விதைக்கும்போது மக்கு உரமும் பின்னர் வெறும் நீரும்

கொடுத்து வர வேண்டும். மூன்றாம், நான்காம் வகைக் கரைசல்களைப் பத்து மடங்கு நீர் சேர்த்தே விட வேண்டும். கரைசல்களை வாரம் ஒருமுறை, எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவில் விட்டு, மற்ற நாட்களில் நீர் மட்டும் ஊற்றுக. ஐந்து வாரம் கழிந்தபின் கீரையைப் பிடுங்கி எடை பார்த்துக் குறித்துக்கொள்க. மூன்றாம் வகைக்கும் நான்காம் வகைக்கும் உள்ள வேறுபாடே வெல்லத்தின் உண்மையான மதிப்பாகும். அவ்வேறுபாடு வெல்லத்தின் விலையை ஈடு செய்கிறதா என்பதைத் தம் மண்ணைக் கொண்டே ஒவ்வொரு ஊராரும் முடிவு செய்துகொள்ளலாம்.

கிராம சபையில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் ஜீவாமிர்தம் தயாரிப்போர் பயறு மாவைக் குறைத்து வெல்லத்தைக் கூட்டுகின்றனரா? அவர்தம் பயிரின் நிறம் எவ்வாறு உள்ளது?

2. கரைசல் விடப்படும் வயல்களில் மூடாக்கும் தொழு உரமும் போதிய அளவு இடப்படுகின்றனவா?

3. மக்கு உரக் கொட்டகையில் குப்பை வாரந்தோறும் புரட்டப்படுகிறதா? ஆயத்தமான உரம் யாருடைய நிலத்திற்குச் செல்கிறது?

4. சென்ற ஆண்டு நமது எல்லைக்குள் எரிக்கப்பட்ட கரும்புத் தோகை, வைக்கோல், சருகு ஆகியவற்றைக் கொண்டு எத்தனை ஏக்கருக்கு மூடாக்கு இட்டிருக்கலாம்?

வெல்லம் மண்ணுக்கு நல்லதே. சாணத்தோடும் தழைச்சத்துள்ள பொருளோடும் சேர்ந்து, அளவாக, மக்கும் பொருள் நிறைந்த நிலத்தில் சேரும்போது நல்லது. இம்மூன்றில் ஒன்று குறையுமாயின் அவ்வெல்லத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுதல் மேல்.